நீளமான போல்ட்

ஏழு மணிக்குள் மூன்று பேர் அவளைப் போனில் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதலாமவனுக்கு மரம் அறுக்கும் மிஷினில் சங்கிலி தொளதொளத்தது. அறுத்த சூட்டோடு இறுக்காதே என்றாள். ஆறினால் சுருங்கும். ஆறவிட்டு இறுக்கு. இரண்டாமவனின் புல்வெட்டி சூடானதும் நின்றுபோனது. பெட்ரோல் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி ஓட்டிப் பார், ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்றாள். இரண்டு பேரும் நன்றி சொல்லவில்லை. சரிங்கக்கா என்றார்கள். அது போதும்.

அவள் பதினோரு வருடம் உதிரிபாகக் கடை கவுண்டரில் நின்றவள். கடையை விட்டு ஐந்து வருடம் ஆகிறது. இப்போது சொந்த டிராக்டர். அதன் பின்னால் குழி தோண்டும் ஆகர். வேலி போடுகிறவர்களுக்குத் தூண் நடக் குழி போட்டுக் கொடுக்கிறாள். ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் எல்லார் போனிலும் அவள் பெயர் போல்ட்டக்கா என்றே இருந்தது.

மூன்றாவதாகக் கூப்பிட்டவர் கோழிப்பண்ணைக்காரர். அவரும் புதிதாக ஒரு ஆகர் வாங்கியிருந்தார்.

"போல்ட்டக்கா, மூணு ஷியர் போல்ட் போயிடுச்சு. மண்ணா இது? எங்க மாமியார் மனசு மாதிரி இருக்கு. வேற போல்ட் இல்ல. கலப்பையில இருந்து ஒண்ணு கழட்டி வச்சிருக்கேன். நல்லா கெட்டியா இருக்கு. போட்டுரட்டுமா?"

"தலையில என்ன எழுதியிருக்கு?"

"கண்ணாடி போடல. இருங்க. எட்டு... எட்டு புள்ளி எட்டு."

"போடாதீங்க."

"நாலே நாலு குழிக்கா."

"ஒரு குழியா இருந்தாலும் போடாதீங்க. எட்டு புள்ளி எட்டுன்னா கெட்டி இரும்பு, லேசுல உடையாது. ஷியர் போல்ட் உடையறதுக்குன்னே இருக்கு. கல்லு மாட்டினா அது உடையணும். அது உடையலன்னா வேற எது உடையும்னு யாருக்கும் தெரியாது. அதுவும் கலப்பை போல்ட் நீளம். வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். சுத்துற ஷாஃப்ட்ல நீட்டிக்கிட்டு..."

நிறுத்தினாள்.

"அக்கா? இருக்கீங்களா?"

நேற்று மாலை வானம் கறுத்துக்கொண்டு வந்தபோது அவள்தான் டிராக்டரில் இருந்தாள். அன்றைய கணக்கில் இரண்டு குழி பாக்கி. கடைசி ஷியர் போல்ட் உடைந்தது. டப்பா காலி. வண்டியின் சாமான் பெட்டியைத் துழாவியபோது ஒரு போல்ட் கையில் அகப்பட்டது. தலையில் 8.8. கனம் சரி, நீளம் அதிகம். நட்டுக்கு வெளியே இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டே குழி என்று போட்டாள். இரண்டையும் முடித்தாள். மழை பிடித்துக்கொண்டது. டிராக்டரைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் தலை துவட்டப் போனாள்.

சாவியை ஆணியில் மாட்டக் கூடாது. அது அவள் வைத்த சட்டம். மிஷினைக் கடைசியாகத் தொட்டவர், அடுத்துத் தொடப்போகிறவரின் கையில் சாவியைக் கொடுக்கவேண்டும். கொடுக்கும்போது எதை மாற்றினோம், எதில் குறை என்று வாயால் சொல்லவேண்டும். கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அவளோடு வேலை செய்வது கணவனின் தம்பி. சேர்ந்த புதிதில் அவன் சிரித்தான். "ஒரு சாவி குடுக்கறதுக்கு இவ்ளோ மந்திரமா அண்ணி?" என்றான். மூன்று மாதத்தில் அவனே கை நீட்டிக் கேட்கத் தொடங்கினான்: "ம், மந்திரம் சொல்லுங்க."

இன்று அவள் எழுவதற்கு முன்பே அவன் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு பைக்கில் போய்விட்டிருந்தான்.

"போடாதீங்க," என்றாள் போனில். "அப்புறம் பேசறேன். போடாதீங்க."

கொழுந்தனின் எண்ணை அழுத்தினாள். சமையலறையில் மணி அடித்தது.

அவன் மனைவி ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மணி பைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

"சாப்பாட்ட விட்டுட்டுப் போயிட்டாரு, அக்கா. போனும் இதுக்குள்ளதான். தூசி படக் கூடாதாம். பொண்டாட்டி மேல பட்டா பரவால்ல." பையைத் தூக்கிக் காட்டினாள். "பசிச்சா தானா வருவாரு."

"குடு. நான் கொண்டுபோறேன்."

"நீங்களா? தூண் லாரி வரும்னீங்களே?"

"நீ இறக்கிக்க. கிரீஸ் கன்ன இங்கயே விட்டுட்டுப் போயிருக்கான். குடுத்துட்டு வந்துடறேன்."

"கிரீஸ் கன்னுக்கா இந்த ஓட்டம்?"

"கிரீஸ் இல்லாம ஓட்டினா மிஷின் போயிடும்."

சொன்னது பொய் இல்லை. போவது அதற்காக இல்லை.

அலமாரியைத் திறந்து ஷியர் போல்ட் பொட்டலத்தை எடுத்தாள். பதினேழாம் நம்பர் ஸ்பானர் இரண்டு. சுத்தியல். பிக்கப் வண்டியைப் பின்னால் எடுத்தபோது வாசல் பூந்தொட்டி ஒன்று சாய்ந்தது. ஓரகத்தி தொட்டியைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்.

தோட்டத்துக்குப் பத்தொன்பது கிலோமீட்டர்.

கொழுந்தனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மண் இறுகினால் ஆகர் இறங்காது, மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது அவன் சீட்டை விட்டு இறங்கிப் பின்னால் போய், ஆகரின் மேல்சட்டத்தை இரண்டு கையாலும் அழுத்துவான். சுமையேறினால் மண்ணைக் கடிக்கும். கடிக்கத்தான் செய்யும். வேண்டாம் என்று மூன்று மாதமாகச் சொல்கிறாள். அழுத்துகிற இடத்துக்கும், டிராக்டரிலிருந்து ஆகரைச் சுழற்றும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே ஒரு முழம். ஷாஃப்ட் மேல் இருந்த பிளாஸ்டிக் உறை போன மாதம் விரிசல் விட்டுக் கழன்றது. புதியது சொல்லி வைத்திருக்கிறாள். வரவில்லை.

காலைக் குளிரில் பைக் ஓட்ட ஜெர்கின் போட்டிருப்பான். இடுப்பில் இழுத்துக் கட்ட ஒரு கயிறு உண்டு. அவன் கட்டுவதில்லை. இரண்டு பக்கமும் தொங்கும்.

ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஐந்நூற்று நாற்பது சுற்று. கவுண்டரில் நின்ற காலத்தில் இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறாள். நொடிக்கு ஒன்பது. நூல் மாட்டினால் துணி, துணி மாட்டினால் கை. கையை இழுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள், நினைத்து முடிப்பதற்குள் முடிந்துவிடும். வாங்க வந்தவர்கள் தலையாட்டுவார்கள். உறை இல்லாமலே வாங்கிக்கொண்டு போவார்கள்.

போன் அடித்தது. கோழிப்பண்ணைக்காரர். எடுக்கவேண்டாம் என்று நினைத்தாள். எடுக்காவிட்டால் போட்டுவிடுவார்.

"அக்கா, எங்க சகலை இங்க நிக்கறாரு. ஒண்ணும் ஆகாது, போடுங்கறாரு."

"அவரையே ஷாஃப்ட் பக்கத்துல நிக்கச் சொல்லிட்டுப் போடுங்க."

அவர் அதை அப்படியே சகலையிடம் சொல்வது கேட்டது. சகலை ஏதோ முணுமுணுத்தார்.

"தள்ளிப் போறாருக்கா." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சும்மா கேக்கறேன். நீங்க ஒருநாளும் போட்டதே இல்லையா?"

முன்னால் ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தாள். முடியவில்லை. பிரேக்கை மிதித்தாள். பை இருக்கையிலிருந்து சரிந்து விழுந்தது.

"நேத்து போட்டேன்," என்றாள்.

"அப்படியா? என்ன ஆச்சு?"

"இன்னும் தெரியல."

அவள் வைத்துவிட்டாள்.

கேட்காரர் அறையிலிருந்து வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஜன்னலில் சாய்ந்துகொண்டார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. நம்ம தண்ணி மோட்டார் ஓடுது, தண்ணி வரமாட்டேங்குது."

"ரயில் எவ்ளோ தூரத்துல இருக்கு?"

"வந்துடும். சத்தம் நல்லாத்தான் இருக்கு. தண்ணிதான் இல்ல."

"கொஞ்சம் திறந்து விடுங்களேன். நான் ஒருத்திதான்."

"எனக்கும் ஒரே ஒரு வேலைதாம்மா. மேல இருந்து தண்ணி ஊத்திப் பாத்தேன்."

"ஊத்தினது நின்னுச்சா, இறங்கிடுச்சா?"

அவர் யோசித்தார். தண்டவாளம் அதிரத் தொடங்கியது. "இறங்கிடுச்சு."

"அடியில வால்வ்ல குப்பை மாட்டியிருக்கு. மூடல. மேல இழுத்துக் கழுவி விடுங்க."

"அவ்ளோதானா? ரெண்டு நாளா குடத்துல சுமக்கறேன்."

சரக்கு ரயில். அவள் பெட்டிகளை எண்ணினாள். இருபதுக்கு மேல் எண்ணம் தவறியது. மறுபடி தொடங்கினாள். ஒவ்வொரு பெட்டிக்கும் நடுவில் எதிர்ப்புறச் சாலை ஒரு கணம் தெரிந்து மறைந்தது. கேட்காரர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். விரல் நகத்துக்குள் நேற்றைய கிரீஸ்.

கேட் முழுதாக ஏறுவதற்கு முன் வண்டி அடியில் நுழைந்துவிட்டது. கேட்காரர் பின்னால் கத்தினார். நன்றிதான் சொன்னாரோ, திட்டினாரோ.

தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தினாள். மழையில் மண் ஊறிக் கிடந்தது. பிக்கப் உள்ளே போகாது. கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தாள்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. சீரான சத்தம். கல் மாட்டினால் சத்தம் கீழே இறங்கும். இறங்கி, போல்ட் உடைந்ததும் லேசாகிவிடும். அந்த லேசு வரவில்லை. சத்தம் இறங்கியது. இறங்கியே நின்றது. பிறகு முக்கிக்கொண்டு மேலே வந்தது.

பொட்டலத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள்.

குழிகள் ஒரே கோட்டில் போயின. இரண்டரை அடி ஆழம், பத்தடிக்கு ஒன்று, பக்கத்தில் குவிந்த மண். நேர்த்தியாகத்தான் போட்டிருந்தான். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினாள். மேட்டில் ஏறியதும் டிராக்டர் தெரிந்தது.

சீட்டில் ஆள் இல்லை.

இன்னும் நான்கு எட்டு வைத்ததும் ஆகருக்குப் பின்னால் அவன் முதுகு தெரிந்தது. மேல்சட்டத்தை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தான். குதிகால் தரையில் இல்லை. ஜெர்கின் திறந்திருந்தது. இடப்பக்கக் கயிறு ஷாஃப்ட்டை நோக்கித் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. போல்ட் கண்ணுக்குத் தெரியவில்லை. அது சுற்றும் இடத்தில் ஒரு சாம்பல் வளையம் மட்டும் தெரிந்தது.

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் திரும்புவான். அவன் திரும்பினால் கயிறும் திரும்பும்.

அவன் கண்ணில் படாமல் முன்பக்கமாகச் சுற்றிப் போனாள். படியில் ஏறி, எட்டி, இன்ஜினை நிறுத்தும் கம்பியை இழுத்தாள். டிராக்டர் இருமுறை குலுங்கி நின்றது. ஷாஃப்ட் நின்றது. சாவியை உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எவன்டா அது!" என்று பின்னாலிருந்து கத்தினான். எட்டிப் பார்த்தான். "அண்ணி! உயிரே போயிடுச்சு எனக்கு. ஏன் வெறுங்கால்ல நிக்கறீங்க?"

அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இங்க வந்து பாருங்க. இன்னிக்கு மிஷின் ராஜா மாதிரி ஓடுது. இருபத்தாறு குழி. ஒரு போல்ட் போகல. கல்லெல்லாம் அரைச்சுத் தள்ளுது."

"கீழ இறங்கி அழுத்தாதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"இந்த ஒரு குழிதான் அண்ணி. கெட்டியா..."

"காலையில போல்ட்ட பாத்தியா நீ?"

"பாத்தேனே."

"என்ன பாத்த?"

"நீளமா இருந்துச்சு. தலையில நம்பர் இருந்துச்சு. இது நம்ம போல்ட் இல்லயேன்னு நெனச்சேன்." முழங்கையால் நெற்றியைத் துடைத்தான். "நீங்க போட்டிருக்கீங்கன்னு விட்டுட்டேன். நீங்க போட்டா ஒரு காரணம் இருக்கும்ல."

வழியெல்லாம் அவனைத் திட்டச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் மிஞ்சவில்லை.

"காரணம் ஒண்ணுமில்ல," என்றாள். "மழை வந்துச்சு. ரெண்டு குழிதான்னு போட்டேன். சொல்லாம விட்டுட்டேன்."

அவன் ஷாஃப்ட்டைக் குனிந்து பார்த்தான். போல்ட் நின்ற வாக்கில் அவன் இடுப்பைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. அவன் தொங்கிய கயிற்றைக் கையில் எடுத்தான். போல்ட் வரை கொண்டுபோய்ப் பார்த்தான். நான்கு விரல் மிச்சம். கயிற்றைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்தான். மறுபடி எடுத்தான்.

"கத்தி வச்சிருக்கீங்களா அண்ணி?"

அவள் கொடுத்தாள். இரண்டு பக்கமும் அறுத்து எறிந்தான்.

போன் அடித்தது. ஓரகத்தி.

"அக்கா, கிரீஸ் கன் இங்க கொட்டகையிலயே தொங்குது." குரல் ஒரு மாதிரி இருந்தது. "என்னக்கா ஆச்சு? மறைக்காதீங்க."

அவள் போனை அவனிடம் நீட்டினாள்.

"ம்," என்றான். "நான்தான். வேற யாரு? நல்லாத்தான் இருக்கேன். கை கால் எல்லாம் இருக்கு. வேணும்னா எண்ணிச் சொல்லவா? ஒண்ணுமில்ல, எங்க அண்ணிக்கு என்னைப் பாக்காம இருக்க முடியல, செருப்பக்கூட விட்டுட்டு ஓடி வந்திருக்காங்க. நீயும் ஒருநாள் வந்து பாரு." கேட்டுக்கொண்டிருந்தான். "சரி, சாப்பிடறேன். வை."

போனைத் திருப்பிக் கொடுத்தான். சிரிப்பு முகத்தில் இல்லை.

"அவகிட்ட சொல்லவேணாம். சொன்னா நாளைக்கு என்னை வீட்டு வாசலத் தாண்ட விடமாட்டா."

"சாயந்தரம் நான் சொல்றேன்."

"ஏன் அண்ணி வம்பு?"

"நான்தான சொல்லணும்."

போல்ட்டைக் கழற்றினார்கள். நட் வந்தது. போல்ட் வரவில்லை. சுத்தியலால் தட்டினாள். அசையவில்லை. அவன் வாங்கி அடித்தான். ஏழாவது அடியில் வெளியே வந்து சேற்றில் விழுந்தது. எடுத்துத் துடைத்தாள். நடுவில் வளைந்திருந்தது. உள்ளே துளையின் ஓரமும் கொஞ்சம் நீண்டிருந்தது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். கியர்பாக்ஸின் அடியிலும் தடவினாள். விரல் நுனியில் எண்ணெய் மினுங்கியது. ஆயில் சீல் போயிருக்கலாம். போனால் மாற்றிக்கொள்ளலாம்.

பொட்டலத்தைப் பிரித்தாள். தலையில் எண் இல்லாத போல்ட். நட்டோடு நின்றது, வெளியே நீட்டவில்லை. இறுக்கினாள்.

அவன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். சாவித் துளையைப் பார்த்தான். கை நீட்டினான்.

"மந்திரம் சொல்லுங்க."

சாவி அவள் உள்ளங்கையில் பதிந்து தடம் விட்டிருந்தது.

"ஷியர் போல்ட் மாத்தியாச்சு. துளை கொஞ்சம் நீண்டிருக்கு, ஆட்டம் இருக்கும். கியர்பாக்ஸ்ல எண்ணெய் கசியுது. பத்து குழிக்கு ஒரு தடவ நிறுத்திப் பாக்கணும். ஷாஃப்ட்டுக்கு உறை இல்ல. அது ஓடும்போது யாரும் கீழ இறங்கக் கூடாது. நீயும், நானும்."

"அவ்ளோதானா?"

"நேத்து அந்த போல்ட்ட போட்டது நான்."

அவன் சாவியை வாங்கிக்கொண்டான்.

டிராக்டர் உறுமியது. ஆகர் இருபத்தேழாவது குழியில் மறுபடி இறங்கியது. அவள் பத்தடி தள்ளி நின்றாள். பத்தடி போதாது போல இருந்தது. இன்னும் ஐந்தடி போனாள். மண் சுருள் சுருளாக மேலே வந்தது. அரை ஆழத்தில் சத்தம் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. டிராக்டரின் மூக்கு லேசாகத் தூக்கியது. அவள் கை தானாகச் சட்டைப் பையைப் பிடித்தது.

டப்.

சத்தம் லேசாகிவிட்டது. ஆகர் மண்ணில் குத்திட்டு நின்றது. ஷாஃப்ட் மட்டும் ஒட்டில்லாமல் தனியே சுற்றியது.

"பாத்தீங்களா!" என்று சீட்டிலிருந்து கத்தினான். "முதல் குழியிலயே! இப்படியே போனா எப்ப முடிக்கறது?"

இன்ஜினை நிறுத்தினான். இறங்கவில்லை. திரும்பி உட்கார்ந்து ஷாஃப்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது வேகம் குறைந்து, தள்ளாடி, நின்றது. அப்புறம்தான் காலைக் கீழே வைத்தான்.

அவள் மண் குவியலில் உட்கார்ந்தாள். பாதம் முழுக்கச் சேறு. ஒரு காலில் எங்கோ கிழித்திருந்தது, இப்போதுதான் எரிந்தது. பொட்டலத்தில் பதினொன்று மிச்சம். இன்னும் எண்பது குழி இருக்கும். பதினொன்று காணாது. இங்கிருந்து கடைக்குப் போய்த் திரும்ப வேண்டும். மறுபடி அந்த ரயில்வே கேட்.

போனை எடுத்தாள். கோழிப்பண்ணைக்காரர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன ஆச்சுக்கா? அதுலேருந்து ஒரு குழி போடல நாங்க. சும்மாவே உக்காந்திருக்கோம்."

"உடைஞ்சுடுச்சு," என்றாள்.

"ஐயையோ. எது?"

"போல்ட்."